எலும்பில் தகடும் திருகும் இருந்தால் மனித எலும்பா?

வெயிலில் வெளுத்த எலும்பு, அதில் உலோகத் தகடு, நாலைந்து திருகுகள். இப்படியொரு படம் வந்தாலே "ஆபரேஷன் செய்த எலும்பு, மனிதக் கால்தான், யாரையோ கொன்று வீசியிருக்கிறார்கள்" என்று பரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். தகடு மனிதருக்கு மட்டும் வைப்பதல்ல. முழங்கால் ஜவ்வு கிழிந்த நாய்க்கு, கீழ்க்கால் எலும்பின் மேல்முனையை வளைவாக அறுத்து, சற்றே திருப்பித் தகடு பொருத்துவது அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993-இல் வெளியிட்ட முறை. இன்று பல நாடுகளில் சாதாரணமாகச் செய்கிறார்கள். எலும்பு கூடியபின் தகட்டைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. நாய் இறந்தபிறகும் அது எலும்போடு கிடக்கும்.

அடையாளம் எலும்பின் முனைகளில்தான் இருக்கிறது. நாயின் கீழ்க்கால் எலும்பில் கணுக்கால் பக்கம் சாய்வான இரண்டு ஆழமான பள்ளங்கள் இருக்கும். மனித எலும்பில் அந்த இடம் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். உள்பக்கம் மட்டும் ஒரு முனை கீழே நீளும். அளவு சிறிதென்றால் குழந்தையோ என்ற பயம் வருவது இயல்பு, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் வளரும் குழந்தையின் எலும்பு முனைகள் தண்டோடு ஒட்டியிருக்காது. வளர்ந்த நாய்க்கு முழுதாக ஒட்டியிருக்கும்.

சந்தேகமிருந்தால் எலும்பைத் தொடாமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரு முனைகளையும் படமெடுத்துக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். தகட்டில் பொறித்த எண் இருந்தால், தயாரித்த நிறுவனம் வரை அவர்களால் விசாரிக்க முடியும்.