ஏமாந்த ஷேக் என்று ஒரு கதை

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், நான் பதினோரு வருஷம் குவைத்தில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் ஆரம்பித்தார். "அவங்களுக்கு அப்போ என்னப்பா தெரியும்? ஒட்டகம் மேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. வெள்ளைக்காரன் நாலு காசைக் காட்டி எண்ணெயை எழுதி வாங்கிட்டான்." ரசம் இலையை விட்டு ஓடப் பார்த்ததால் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

எழுதி வாங்கினது உண்மை. விலை அடிமாட்டு விலை என்பதும் உண்மை. தெரியாத்தனத்தால் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பேரங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை.

1933, ஜித்தா. சஊதி மன்னர் அப்துல் அஜீஸ், அதாவது இப்னு சஊத், கடனில் கழுத்துவரை மூழ்கியிருக்கிறார். கஜானாவுக்குப் பெரிய வரவே ஹஜ் யாத்திரிகர்கள்தான். நல்ல வருஷத்தில் ஒரு லட்சம் பேர் வந்த இடத்தில், உலகப் பொருளாதார மந்தத்தில் அது நாற்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. இந்த நிலைமையில் நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் பேச உட்கார்ந்ததும் கேட்ட தொகை 1,00,000 தங்கப் பவுன். கையில் காசில்லாதவன் கேட்கிற தொகையா இது? எதிரே கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்காக வழக்கறிஞர் லாயிட் ஹாமில்டன். இன்னொரு பக்கம் பிரிட்டிஷார் கை ஓங்கியிருந்த ஈராக் பெட்ரோலியம் கம்பெனிக்காக லாங்ரிக். ஈராக் கம்பெனி சொன்னது 10,000 பவுன், அதையும் ரூபாயில் தருகிறோம் என்றார்கள். மன்னருக்குத் தங்கம்தான் வேண்டும். உண்மையில் லாங்ரிக் தரப்புக்குப் புது எண்ணெயே தேவைப்படவில்லை, வேறு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

நடுவில் ஃபில்பி என்று ஒரு ஆங்கிலேயர். மன்னருக்கு நெருக்கமான ஆலோசகர், அதே சமயம் அமெரிக்கக் கம்பெனியிடம் ரகசியமாகச் சம்பளம். இது தெரியாமல் லாங்ரிக் அவரை நம்ம ஊர்க்காரர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நம் ஊர் நிலத் தரகர்கள் இவரிடம் பாடம் படிக்க வேண்டும்.

கடைசியில் மே 29 அன்று கையெழுத்து. 60 வருஷக் குத்தகை. முதலில் 35,000 தங்கப் பவுன். அதில் 5,000 முதல் வருஷ வாடகை, மீதி 30,000 கடன்! எண்ணெய் கிடைத்தால் மன்னருக்கு வரும் பங்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். எண்ணெய் வந்தபின் டன்னுக்கு 4 தங்க ஷில்லிங். இதற்கிடையில் அமெரிக்கா தங்கத்தை வெளியே அனுப்பத் தடை போட்டுவிட்டது, ஸ்டாண்டர்ட் ஆயில் கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை. லண்டனில் வாங்கி, ஏழு பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். ஜித்தாவில் ஒரு டச்சு வங்கியின் மேஜை மேல் கொட்டி, சுலைமான் கண்ணெதிரே 35,000 காசும் எண்ணப்பட்டன. எண்ணிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை அவர்.

சரி, மன்னரால் எப்படி இரண்டு கம்பெனிகளை மோதவிட முடிந்தது? எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இதுதான். 1915இல் பிரிட்டனோடு அவர் போட்ட தாரின் உடன்படிக்கைப்படி, பிரிட்டன் சம்மதிக்காமல் அந்நிய நாட்டுக்கோ அந்நிய நாட்டவருக்கோ எந்தச் சலுகையும் தரக் கூடாது. 1927 ஜித்தா உடன்படிக்கை அவரை முழு சுதந்திர மன்னராக ஏற்றபோது அந்தக் கட்டு போனது. அது இருந்திருந்தால் 1933இல் ஹாமில்டனுக்கு ஜித்தாவில் வேலையே இல்லை.

மற்றவர்களுக்கு அந்தக் கட்டு அவிழவில்லை. குவைத்தின் ஷேக் முபாரக் 1913லேயே எழுதிக் கொடுத்துவிட்டார்: பிரிட்டிஷ் அரசு கைகாட்டுகிற ஆளுக்குத்தான் எண்ணெய். அடுத்த வருஷம் பஹ்ரைன். 1922இல் இன்று அமீரகமாக இருக்கிற பகுதிகளின் ஷேக்குகள். ஒரு சொட்டு எண்ணெய் வருவதற்கு முன்பே வாங்குகிறவன் யார் என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு வியாபாரிக்குத்தான் விற்கலாம் என்று சந்தைக்கு அனுப்பினால் எந்த விவசாயி நல்ல விலை வாங்குவான்?

ஈராக்கில் நடந்தது இன்னும் மோசம். 1920இல் இத்தாலியின் சான் ரெமோவில் பிரிட்டனும் பிரான்சும் பேசிக்கொண்டபோது, உள்ளூர் அரசு விரும்பினால் 20 சதவீதம் வரை பங்கு சேரலாம் என்று எழுதிவைத்தார்கள். ஈராக் விரும்பியது, கேட்டது. 1925 மார்ச்சில் எண்ணெய்க் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் அந்தப் பங்கு இல்லை. மோசுல் ஈராக்குக்கா துருக்கிக்கா என்று சர்வதேச சங்கத்தில் (ஐ.நா.வுக்கு முன்னோடி) வழக்கு தொங்குகிறது, பிரிட்டன் கைவிட்டால் மோசுலே போய்விடலாம். இரண்டு அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள். 75 வருஷத்துக்குக் கையெழுத்தும் விழுந்தது. இதை ஏமாந்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். கழுத்தில் கத்தி இருந்தது.

இப்போது குவைத், நான் சோறு தின்ற ஊர். ஷேக் அஹ்மத் (அஹ்மதி என்ற எண்ணெய் நகரமே அவர் பெயரில்தான்) பிரிட்டிஷாரை நம்புவதை 1922லேயே விட்டிருப்பார். அந்த வருஷம் உகைர் என்ற இடத்தில் பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி காக்ஸ் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார், குவைத் தனது என்று நினைத்த நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சஊதி பக்கம் போனது. அங்கே குவைத் சார்பில் உட்கார்ந்திருந்தவரும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே!

ஆகவே எண்ணெய்ப் பேரத்தில் அவர் அவசரப்படவே இல்லை. அமெரிக்க கல்ஃப் கம்பெனியையும் பிரிட்டிஷ் கம்பெனியான ஆங்கிலோ பெர்ஷியனையும் மாறி மாறிக் காக்கவைத்தார். 1933 கடைசியில் இரண்டும் கூட்டு சேர்ந்து ஒரே கம்பெனியாக வந்து நின்றன. போட்டி போயிற்றே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. 'டிரேடர்ஸ்' என்று மூன்றாவதாக வந்த ஒரு பிரிட்டிஷ் குழுவைக் காட்டி இன்னும் ஒரு வருஷம் இழுத்தார். 1934 டிசம்பர் 23இல் கையெழுத்து. முன்பணம் 4,75,000 ரூபாய், டன்னுக்கு 3 ரூபாய்.

ஆமாம், ரூபாய். நம்ம ரூபாய்தான். வளைகுடா முழுக்க அன்றைக்குப் புழக்கத்தில் இருந்தது அதுவே, அங்கே பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்டும் டெல்லிக்குத்தான் பதில் சொல்ல வேண்டியவர். ஒரு டன் எண்ணெய்க்கு 3 ரூபாய் என்பதை முதல்முறை படித்தபோது, அந்த ஊர் தினாரை ஊருக்கு அனுப்ப எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நின்று ரேட் என்ன ரேட் என்று கேட்ட வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன.

அப்புறம் ஷேக் இன்னொன்று செய்தார். கல்ஃப் கம்பெனிக்காக அவரிடம் வருஷக்கணக்கில் பேரம் பேசிய ஃபிராங்க் ஹோம்ஸையே, கம்பெனியில் தனது பிரதிநிதியாக லண்டனில் உட்காரவைத்தார். ஒட்டகம் மேய்த்தவர் யோசனையா இது?

இதற்காக அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று நான் கொடி பிடிக்கவில்லை. சுலைமானின் ஒப்பந்தத்திலேயே பெரிய ஓட்டை உண்டு, கம்பெனிக்கு எந்த வரியும் கிடையாது என்ற ஷரத்து. அதன் விலை தெரிய பதினாறு வருஷம் ஆனது. 1949இல் அராம்கோ (இந்தக் குத்தகைக்காக ஸ்டாண்டர்ட் ஆயில் தொடங்கிய கம்பெனியின் புதுப் பெயர்) சஊதிக்குக் கொடுத்தது சுமார் 3.9 கோடி டாலர், அமெரிக்க அரசுக்குக் கட்டிய வரி சுமார் 4.3 கோடி. எண்ணெய் இவர்கள் மண்ணில், பெரிய பங்கு வாஷிங்டனுக்கு! இது தெரிந்ததும் சஊதி தரப்பு சும்மா இருக்கவில்லை. 1950 டிசம்பர் 30இல் வருமான வரி என்ற பெயரில் லாபத்தில் பாதிக்குப் பாதி என்று ஒப்பந்தம் மாறியது. அப்போதும் நிதியமைச்சர் வேறு யாரும் இல்லை, அன்று டச்சு வங்கி மேஜையில் காசு எண்ணவைத்த அதே அப்துல்லா சுலைமான்.