பெர்குசன் பந்தே உதைக்காதவரா?

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் முன்னாள் மேலாளரைப் பற்றி, "அலெக்ஸ் பெர்குசன் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, எந்த கிளப்பும் அவரை வெளியேற்றியதில்லை" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே தவறு.

கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் பிறந்த பெர்குசன், 16 வயதில் குயின்ஸ் பார்க் அணிக்காகக் களமிறங்கினார். அது அமெச்சூர் கிளப், அதாவது சம்பளமில்லாமல் ஆடுகிறவர்களின் அணி. சரி, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்புறம் செயின்ட் ஜான்ஸ்டன். அங்கே ஆடும்போதுதான் 1963 டிசம்பரில் ரேஞ்சர்ஸ் அணியை அவர்களது ஐப்ராக்ஸ் மைதானத்திலேயே ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்துச் சாய்த்தார். அடுத்து டன்ஃபெர்ம்லின் அணியில் 1965-66 சீசனில் 51 ஆட்டங்களில் 45 கோல்கள். பந்தே உதைக்காதவர் அடிக்கிற கணக்கா இது? மறு ஆண்டே ரேஞ்சர்ஸ் 65,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. ஸ்காட்லாந்து கிளப்புகளுக்கிடையே அன்று அதுதான் உச்ச விலை. 1969 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் எதிரணியான செல்டிக்கின் பில்லி மெக்நீலைத் தடுக்க வேண்டியவர் கோட்டைவிட்டார். மெக்நீல் தலையால் முட்டிக் கோலடித்தார். பழி பெர்குசன் மேல் விழுந்தது. பின்னர் பால்கிர்க், ஏர் யுனைடெட் அணிகளில் ஆடினார்.

வெளியேற்றப்பட்ட கதைக்கு வருவோம். மேலாளராக ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயரில் தொடங்கி செயின்ட் மிர்ரனுக்குப் போனவரை, 1978இல் அந்த கிளப் வேலையைவிட்டு நீக்கியது. ஐந்தே ஆண்டுகளில், அபர்டீன் மேலாளராக, ரியல் மாட்ரிட்டை 2-1 என வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை ஒன்றைக் கையில் ஏந்தினார்.