உங்களுக்கென்ன, குதிரைமேல் போகிறவர்!

(1864, குளிர்காலம். அமெரிக்க உள்நாட்டுப் போர். வர்ஜீனியாவில் பிராண்டி ஸ்டேஷன் பக்கம் வடக்குப் படையின் முகாம். எங்கு பார்த்தாலும் சேறு. காலாட்படைத் தம்பி ஒருவர் குதிரைப்படை அண்ணனிடம் வந்து உட்காருகிறார்.)

காலாள்: உங்களுக்கென்ன அண்ணே, உட்கார்ந்த வேலை! நாங்கள் நடந்தே தேய்கிறோம்.

குதிரைவீரர்: உட்கார்ந்த வேலையா? விடிவதற்கு முன்னே கொம்பு ஊதிவிடுவார்கள். வரிசையில் நின்று பேரைச் சொல்லிவிட்டு நேரே துரையிடம் ஓட வேண்டும். அவருக்குச் சாப்பாடு வைக்காமல் நமக்குக் காபி கிடையாது.

காலாள்: எங்கள் கேப்டனும் அப்படித்தான் அண்ணே. அவர் தட்டுதான் முதலில்.

குதிரைவீரர்: தட்டு வைத்தால் போதுமா? முதுகு, வயிறு, தொடை எல்லாம் தேய்த்துவிட வேண்டும். சரியாகத் தேய்த்தேனா என்று சார்ஜென்ட் வந்து தடவிப் பார்ப்பார்.

காலாள்: சார்ஜென்ட் வந்து… துரையைத் தடவிப் பார்ப்பாரா?

குதிரைவீரர்: பின்னே? கையில் அழுக்கு ஒட்டினால் எனக்குத் தண்டனை.

காலாள்: (குரலைத் தாழ்த்தி) துரை ஒன்றும் சொல்ல மாட்டாரா?

குதிரைவீரர்: சொல்வதெல்லாம் கிடையாது. பிடிக்காவிட்டால் உதைதான். போன வாரம் என் தோளைக் கடித்துவிட்டார்.

காலாள்: கடித்தாரா! அண்ணே, இதை லிங்கனுக்கே எழுதிப் போடலாம்.

குதிரைவீரர்: போட்டால் இன்னொரு இரும்புச் சீப்பு அனுப்புவார்கள். அது கிடக்கட்டும். தேய்த்து முடித்ததும் ஒவ்வொரு காலாகத் தூக்கி என் முட்டிமேல் வைத்து, அடியில் அப்பிய சேற்றைச் சுரண்ட வேண்டும். இந்த ஈரத்தில் விட்டால் அழுகிவிடும். நாலு காலும் முடிய…

காலாள்: நாலா?

குதிரைவீரர்: நாலுதான். உங்கள் கேப்டனுக்கு எத்தனை?

காலாள்: (நெடுநேரம் யோசித்து) அடச்சே, குதிரையா! அதானே பார்த்தேன். அப்படியென்றால் உங்களுக்கென்ன அண்ணே, சுகமான வேலைதான்!

(இந்த 'உங்களுக்கென்ன' ஆட்களுக்கு விளக்கம் கொடுத்துப் பயனில்லை. கஷ்டத்தைச் சொல்லச் சொல்ல அவர்களுக்குப் பொறாமைதான் கூடும்.)

குதிரைவீரர்: சுகமா! காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை லாயம். நடுவில் தண்ணீர் காட்டப் போக வேண்டும், கவாத்து, சாணி அள்ளுவது. முறை வந்தால் ராப்பிடான் ஆற்றங்கரையில் பனியில் காவல். இதற்கு மாதம் 13 டாலர்.

காலாள்: எனக்கும் 13 டாலர்தானே? உங்களுக்குக் குதிரை இலவசம்.

குதிரைவீரர்: எனக்குக் குதிரை இலவசம் இல்லை தம்பி, குதிரைக்கு நான் இலவசம். அவருக்கு ஒரு நாளைக்கு 14 பவுண்டு காய்ந்த புல், 12 பவுண்டு தானியம் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

காலாள்: வந்து சேருகிறதா?

குதிரைவீரர்: காகிதத்தில் ஒழுங்காக வருகிறது. ஒரு தடவை தீனி வண்டி வரவில்லை. மரப்பட்டையைக் கடித்துத் தின்றார். அது தீர்ந்ததும் பக்கத்துக் குதிரையின் வாலைத் தின்றார்.

காலாள்: எங்கள் கேப்டன் இன்னும் வால் வரைக்கும் போகவில்லை.

குதிரைவீரர்: நமக்குத்தான் அந்தக் கல் பிஸ்கட் இருக்கிறதே. காபியில் போட்டால் புழு மேலே வரும். வழித்து எறிந்துவிட்டுக் குடிக்க வேண்டியது.

காலாள்: உங்களுக்கென்ன, நீங்கள் எறிகிறீர்கள்.

குதிரைவீரர்: …

காலாள்: சரி அண்ணே, தெற்கத்திக்காரன் குதிரைப்படை எப்படி?

குதிரைவீரர்: அவன் சொந்தக் குதிரையைக் கொண்டுவர வேண்டும். அதற்கு நாள் வாடகை 40 சென்ட் கொடுக்கிறார்கள். குதிரை போய்விட்டால் ஊருக்குப் போய் வேறு பிடித்து வர லீவு. கிடைக்கவில்லை என்றால் காலாட்படையில் தள்ளிவிடுவார்கள்.

காலாள்: லீவா!

குதிரைவீரர்: அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்ததா? நம் பக்கத்திலும் ஆள் இருக்கிறான். குதிரை படுத்துவிட்டால் புதுக்குதிரை வரும்வரை வாஷிங்டன் பக்கம் முகாமில் உட்காரலாம் என்று வேண்டுமென்றே கவனிக்காமல் விடுகிறவன். அவன் செய்வதற்கும் சேர்த்து நாங்கள் பேச்சு வாங்குகிறோம்.

காலாள்: கோபப்படாதீர்கள் அண்ணே. எங்கள் ஆட்கள் வேடிக்கையாக ஒன்று கேட்பார்கள். செத்துப்போன குதிரைவீரனை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று.

குதிரைவீரர்: உன் கூடாரம் எங்கே இருக்கிறது?

காலாள்: அந்த மேட்டின் அடிவாரத்தில்.

குதிரைவீரர்: போன வருஷம் ஜூன் 9, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை இங்கே சண்டை. நடுப்பகலிலிருந்து அந்த மேட்டுக்காகத்தான் வாளை உருவிக்கொண்டு ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். என் பக்கத்தில் வந்தவன் மூன்றாம் முறை ஏறவில்லை. உங்கள் ஆட்களைப் போய் அங்கே தேடிப் பார்க்கச் சொல்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை.)

காலாள்: …துரைக்கு ஒன்றும் ஆகவில்லையே?

குதிரைவீரர்: அந்தத் துரை அன்றைக்கே போய்விட்டார். இவர் அரசாங்கம் கொடுத்தவர். நூறு டாலருக்கு மேல் விலை. இடது கண் தெரியாது.

காலாள்: கண் தெரியாததையா வாங்கினார்கள்?

குதிரைவீரர்: வாங்கிய அதிகாரிக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். கான்ட்ராக்டர் கை எந்தப் பையில் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததில் குதிரையைப் பார்க்க நேரமில்லை. என் எட்டு மாதச் சம்பளம் அது. பல்லைப் பார்த்தால் அந்தக் காலத்து மெக்சிகோ போருக்கே போய் வந்த கிழவர் போலிருக்கிறார்.

காலாள்: இருந்தாலும் அண்ணே, குதிரைமேல் போனால் ஒரு கம்பீரம்தான். எனக்கும் மாற்றல் வாங்கித் தருவீர்களா?

(லாயத்துக்குக் கொம்பு ஊதுகிறார்கள். குதிரைவீரர் எழுந்து இரும்புச் சீப்பைத் தம்பியின் கையில் திணிக்கிறார்.)

குதிரைவீரர்: இந்தா, பிடி. மாற்றல் வருவதற்குள் பழகிக்கொள். இடது பக்கமாகப் போகாதே, அவருக்குத் தெரியாது. பின்பக்கமாகவும் போகாதே. போனால் நான் எழுதிக் கொடுக்கவே வேண்டாம், துரையே உன்னை ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்.