தூலே மரத்தின் பெருமை உயரத்தில் இல்லை

மெக்சிகோவின் ஓஹாக்கா பள்ளத்தாக்கில் இருக்கும் தூலே மரம்தான் உலகிலேயே உயரமானது என்று மேலே சிலர் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல, நண்பர்களே. சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரம் பேர்போனது அடிமரத்தின் பருமனுக்காக. குறுக்களவே 11 மீட்டருக்கு மேல்! அதன் முடிச்சுகளிலும் மடிப்புகளிலும் சிங்கமும் யானையும் தெரிவதாக ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். உயரம் என்று பார்த்தால் சுமார் 35 மீட்டர்தான். கலிபோர்னியாவின் ஹைப்பீரியன் என்ற ரெட்வுட் மரம் 115 மீட்டரைத் தாண்டுகிறது.

சந்தேகம் இருந்தால், பக்கத்துத் தேவாலயமும் சேர்ந்து தெரியும் படத்தைத் தேடிப் பாருங்கள். மரம் ஓங்கி நிற்பதைவிடப் பரந்து நிற்பது தெரியும். அப்புறம், கின்னஸ் தளத்தில் ‘உயரமான மரம்’, ‘பருமனான மரம்’ இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.