ஊர் திரும்பும் பிலிப்பைன்ஸ் தொழிலாளருக்கு இருபதாயிரம் பெசோ

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கலையில் பிலிப்பைன்ஸ் அளவுக்குத் தேர்ந்த நாடுகள் குறைவு. 1974இல் அப்போதைய அதிபர் ஃபெர்டினான்ட் மார்கோஸின் ஆட்சி, வேலையின்மையைச் சமாளிக்கத் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய திட்டம் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 2024இல் மட்டும் வங்கிகள் வழியாக நாட்டுக்குள் வந்த பணம் 3,400 கோடி டாலருக்கும் அதிகம். ஒப்பந்தச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, புறப்படுவதற்கு முந்தைய வகுப்பு என்று அனுப்பும் வேலை அத்தனை ஒழுங்காக நடக்கிறது. அதே மனிதர் பல ஆண்டுகள் கழித்து மணிலா விமான நிலையத்தில் நிரந்தரமாக வந்து இறங்கும்போது அரசின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் ஏமாற்றம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண் ஃபுளோர் கொன்டெம்ப்ளாசியோன் கொலை வழக்கில் தூக்கிலிடப்பட்ட 1995ஆம் ஆண்டிலேயே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. 2010இல் அது திருத்தப்பட்டது, 2021 டிசம்பரில் தனித் துறை அமைக்கவும் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் வேலையிழந்தோ துன்புற்றோ திரும்புகிறவருக்கு, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் 25 டாலர் கட்டி அவர் உறுப்பினராக இருந்த நல நிதியம் தொழில் தொடங்கத் தருவது அதிகபட்சம் 20,000 பெசோ. ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளருக்கான குறைந்தபட்ச மாத ஊதியமே இதைவிட அதிகம்.

அந்தப் பணத்தில் பெரும்பாலும் தொடங்கப்படுவது வீட்டு வாசலில் ஒரு பெட்டிக்கடை. ஷாம்பு பாக்கெட், காபித்தூள் பாக்கெட், மத்தி மீன் டப்பா, செல்பேசி ரீசார்ஜ்: இதே சரக்கோடு அதே தெருவில் ஏற்கெனவே நாலைந்து கடைகள் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் பணம் இருக்கும் என்று நம்பும் உறவினர் கடன் சொல்லி வாங்குவார்கள். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சரக்கு தீர்ந்ததும் ஐந்து வாங்கி ஆறாகத் திருப்பும் கந்துவட்டிதான் கதி. (அங்கே அந்தத் தொழிலுக்குப் பெயர் போனவர்கள் நம் நாட்டுப் பஞ்சாபிகள் என்பது நமக்குப் பெருமை சேர்க்கும் செய்தியல்ல.) பன்றி வளர்ப்பில் இறங்கியவர்களில் பலரை 2019இல் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வீழ்த்தியது. அரசு வங்கிகளின் பெரிய கடனுக்கோ அடமானம் வேண்டும். அடமானம் வைக்க நிலம் உள்ளவர் எதற்குக் கடல் கடந்து போகப் போகிறார்?

வாழ்நாளெல்லாம் கூலி உழைப்பில் இருந்தவரை ஒரே நாளில் வியாபாரியாகச் சொல்வது, நட்டத்தை அவர் தலையில் கட்டும் வழி என்றே நான் கருதுகிறேன். ஆசிரியர் பட்டமும் உரிமத் தேர்ச்சியும் இருந்தும் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்தவர்களை அரசுப் பள்ளி ஆசிரியராக்கும் திட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. எனக்கு மதிப்புத் தோன்றுவது அதன்மீதுதான். அது சம்பள வேலை தருகிறது. முதியோரைப் பல ஆண்டுகள் பராமரித்தவர்களுக்கும், வளைகுடாவில் குழாய் பொருத்தியவர்களுக்கும் இப்படியொரு வழி ஏன் இல்லை? திறன் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் அதற்கேற்ற ஊதியம் கிடைக்காது. 2025 ஜூலையில் உயர்த்திய பிறகும் மணிலாவின் குறைந்தபட்ச நாட்கூலி 695 பெசோதான். மாகாணங்களில் அதைவிடக் குறைவு. மறுபடி பெட்டி கட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்குள்ளும் சிக்கல் உண்டு. பாட்டி வளர்த்த பிள்ளைகளுக்கு, மாதந்தோறும் பணமும் அவ்வப்போது பெரிய அட்டைப் பெட்டி நிறையப் பொருளும் அனுப்பிய அம்மாவைத் தெரியும். சமையலறையில் நின்று கண்டிக்கிற அம்மாவைப் பழகவே நாளாகும். இதற்கான ஆலோசனை உதவி அந்தந்த நகராட்சியில் கிடைக்க வேண்டும், தலைநகர அலுவலகத்தில் அல்ல.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஓய்வூதியம். 2018 சட்டத்தின்படி வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சமூகப் பாதுகாப்பு நிதியில் சேர்ந்தாக வேண்டும். மாத ஓய்வூதியம் பெற 120 மாதச் சந்தா தேவை. உள்நாட்டில் முதலாளி கட்டும் பங்கையும், கப்பலில் அல்லாமல் கரையில் வேலை செய்யும் புலம்பெயர் தொழிலாளி தானே கட்ட வேண்டியிருப்பதால், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய நெருக்கடியில் சந்தா விட்டுப்போவது இயல்பு. அந்த முதலாளி பங்கில் பாதியையாவது, அவர் வெளிநாட்டில் உழைக்கும் காலத்திலேயே அரசு கட்டினால், ஐம்பத்தைந்து வயதில் திரும்புகிற பெண் பெட்டிக்கடையை நம்பி முதுமையைக் கழிக்க வேண்டியிருக்காது.