முன் சீட்டுக்கு என்னைக் கூப்பிடாதீங்க சாமி

இனிமே எவன் வண்டியிலயும் எனக்கு முன் சீட்டு வேணாம்யா, டிக்கியில தூக்கிப் போட்டாலும் சத்தமில்லாம படுத்துட்டு வர்றேன்.

நேத்து பர்மாவுல ரங்கூன்லேர்ந்து பெகு ஊருக்கு ஒரு கல்யாணம், வாடகைக்குப் புடிச்ச டொயோட்டா ப்ரோபாக்ஸ் காரு, நம்மாளு பையன்தான் டிரைவர். வாய் நிறைய வெத்தலை. பெல்ட் மாட்டற எடத்துல வெறும் கொக்கிய சொருகி வச்சிருக்கான், ஏன்டா தம்பின்னா "மாட்டலேன்னா கீ கீன்னு கத்துதுண்ணே"ங்கறான். அது எதுக்கு ராசா கத்துது?

வழியில லேகூ ஊரைத் தாண்டுனதும் முன்னாடி நெல்லு மூட்டை லாரி. அது பின்னாடி ஒரு முழம் எடம் விடாம ஒட்டிக்கிட்டு "அண்ணே, எதுக்க வருதா பாருங்க"ங்கறான். மடியில தாம்பாளத் தட்டு, சட்டைப் பையில மொய்க் கவர், நான் தலைய வெளிய நீட்டி ரோடு பாக்கணும். வருதுடான்னேன். உள்ள இழுத்துட்டான். "இப்ப?" வருது. "இப்பண்ணே?" வருதுப்பா. "கிட்டயா தூரமாண்ணே?" சைக்கிளைத் தவிர ஒண்ணும் ஓட்டாதவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? தூரம்னா எவ்ளோ தூரம், எதுக்க வர்றவன் என்ன ஸ்பீடு, இந்த டப்பா எவ்ளோ இழுக்கும், ஒண்ணும் தெரியாம "ம்ம்ம்..."னு யோசிக்க ஆரம்பிச்சேன் பாருங்க, அந்த "ம்"மை சரின்னு எடுத்துக்கிட்டு வண்டிய வெளிய எறக்கிட்டான்யா படுபாவி! எதுக்க பஸ்ஸு. அதோட கண்ணாடிக்குப் பின்னாடி தொங்கற பூச்சரத்துல எந்தப் பூ வாடியிருந்துச்சுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். பின் சீட்டுல அத்தை முருகா முருகான்னு அலறுது, இவன் என்னைப் பாத்து "என்னண்ணே, சரியாச் சொல்ல மாட்டீங்களா"ங்கறான்!

1970 டிசம்பர் 6, இடது பக்கமா ஓடிட்டு இருந்த நாட்டை ஒரே நாள்ல வலது பக்கம் போங்கன்னுட்டாங்க, ஜோசியர் சொல்லித்தான்னு இன்னிக்கும் ஒரு கதை சொல்லுவாங்க, எவன் சொன்னா என்ன, ரோடு மாறுச்சு, ஸ்டியரிங் மாறல, அது வலது பக்கமேதான். ஜப்பான்காரன் ஓட்டித் தீத்த வலது ஸ்டியரிங் வண்டியா வந்து குவிஞ்சுது, அதுவும் 2011-க்கு அப்புறம் இறக்குமதிய லேசாக்குனதும் கேக்கவே வேணாம். டிரைவர் ரோட்டு ஓரத்துல, நான் நடுக்கோட்டுப் பக்கம். லாரிக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னு அவன் கண்ணு பாக்கணும்னா முக்கால் வண்டி கோட்டைத் தாண்டணும், அதுக்குள்ள எதுக்க வர்றது மோதுச்சுன்னா முதல்ல போறது யாரு? மொய்க் கவரோட நானு!

இத்தனைக்கும் லாரிய விட்டுத் தள்ளி வந்தா போதும்யா. எவ்ளோ தள்ளுறியோ அவ்ளோ ரோடு தெரியும். லாரி ஒரு கம்பத்தைத் தாண்டுனா நிதானமா மூணு செகண்டு எண்ணு, அதுக்கப்புறம் நீ அந்தக் கம்பத்துக்கு வா, அவன் சடன் பிரேக் போட்டாலும் நீ மொகத்துல நெல்லு மூட்டையோட நிக்க மாட்ட. இதைச் சொன்னா "நடுவுல எவனாச்சும் பூந்துருவாண்ணே"ங்கறான். பூரட்டுமேடா! பூந்தவனுக்கா பொண்ணு கட்டிக் குடுக்கப் போறாங்க? எங்கடா ஓட்டக் கத்துக்கிட்டேன்னு கேட்டேன். லைன் கார்ல, அதான் ஆளேத்தற பஸ்ஸுல, ஸ்பேரா, அதாவது டிரைவருக்கு எடுபிடியா நின்னு பாத்துப் பாத்து வந்துருச்சாம். ஒரு நாள் ஒக்காந்து யாரும் சொல்லிக் குடுக்கல, லைசென்ஸ் மட்டும் கையில இருக்கு. சொல்லிட்டே கதவைத் தெறந்து பொளிச்சுன்னு துப்பறான், வண்டி ஓடிட்டே இருக்கு.

எறங்குனா கை நடுங்குது, தண்ணியக் குடிச்சு ஓரமா ஒக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள அந்தப் பய முதல் பந்தியில தின்னு முடிச்சுப் பல்லுக் குத்திட்டு நிக்கறான். "என்னண்ணே, இன்னும் சாப்பிடலையா?" அதுக்கு மேல எங்க கோவப்படறது, சிரிச்சுட்டேன். ரெண்டாவது பந்தியில போய் ஒக்காந்தா பாயசம் தீந்துருச்சாம். பொண்ணு வீட்டுக்காரங்களா, கல்யாணத்துல பாயசம் எப்படிய்யா தீரும்? சேமியாவுக்குக் கூடவா பஞ்சம்?