சந்தேகம் கேட்க ஓர் ஆள் வேண்டும்

பர்மாவில் தொலைநிலைக் கல்வி என்றாலே பலருக்கு ஓர் இளக்காரம். "பகல் கல்லூரியில் இடம் கிடைக்காதவங்க சேர்றது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. மோல்மீன் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கும் பெண்ணுக்கும், ரங்கூன் கடையில் கணக்கெழுதும் பையனுக்கும் பட்டம் வாங்க இதை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது?

1988 ஜனநாயகப் போராட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. 1992-இல் ரங்கூனிலும், 1998-இல் மாண்டலேயிலும் தொலைநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்தன. மாணவர்கள் ஓரிடத்தில் கூடாமல் இருப்பது ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் இருந்தது. அது உண்மைதான். ஆனாலும் அதில் படித்துத் தலையெடுத்த குடும்பங்கள் பர்மாத் தமிழர்களான நம்மில் எத்தனை!

2014-இல் சிம் கார்டு விலை இறங்கி 1500 கியாட்டுக்கு (பர்மா நாணயம்) வந்தபோது, இனி பாடம் வீட்டுக்கே வந்துவிடும் என்று நம்பினோம். பாடம் வரத்தான் செய்தது. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நெட்டும் கரண்டும்தான் நினைத்தால் வருகின்றன, நினைத்தால் போகின்றன.

எங்கள் தெருவில் ஒரு பெண் வணிகவியல் படிக்கிறாள். நள்ளிரவில் கரண்ட் வந்தால் எழுந்து, முதலில் பவர் பேங்கைச் சார்ஜில் போடுவாள், அப்புறம் அரிசியை ரைஸ் குக்கரில் வைப்பாள், அது வேகும் நேரத்தில் பாடத்தை டவுன்லோடு செய்வாள். விடிந்ததும் வேலை. இவ்வளவும் செய்கிறவள் தேய்மானக் கணக்கில் (பொருள் பழசாகப் பழசாக அதன் மதிப்பைக் குறைத்து எழுதுவது) வந்து நின்றுவிட்டாள். யாரிடம் கேட்பாள்? ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதே தேர்வுக்கு முந்தைய சில நாள் வகுப்பில்தான். கடைசியில் கைடில் இருந்த விடையை அப்படியே நெட்டுரு போட்டாள். பாஸாகிவிடுவாள், சரி. நாளைக்கு ஒரு கடையின் பேரேட்டைக் கையில் கொடுத்தால்?

ஆப், வீடியோ என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். கரண்ட் இல்லாத நாட்டில் அச்சடித்த பாடம் வேண்டும், பக்கத்தில் கேட்க ஓர் ஆள் வேண்டும். நம் கோயில்கள் பலவற்றில் கூடம் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் நடக்கிறது. தீமிதிக்கு வீடு வீடாக வசூலிக்கிற நம்மால் ஒரு சோலார் பேனலும் இரண்டு பேட்டரியும் வாங்க முடியாதா? வாரத்தில் இரண்டு மாலை, ஏற்கெனவே பட்டம் முடித்த ஒருவர் அங்கே உட்கார்ந்தால் போதும். தூரத்து ஊருக்குப் பெண்ணை அனுப்பப் பயப்படும் பெற்றோரும் கோயிலுக்கு அனுப்புவார்கள்.

ஒன்று மட்டும். சொல்லிக்கொடுக்க வருகிறவருக்குச் சம்பளம் கொடுங்கள். விலைவாசி இருக்கும் நிலையில், தொண்டு என்று கூப்பிட்டால் இரண்டு மாதத்தில் அவரும் வேறு வேலை தேடிப் போய்விடுவார்.